இருபத்தெட்டு நாள்

எங்கள் கணக்கில் இப்போது அறுபத்திரண்டு லட்சம் கிடக்கிறது.
எங்களுடையதல்ல.
பெரியகடையில் இரும்புக்கடை வைத்திருக்கும் பிலேந்திரனுடையது.
நூற்றுக்கு மூன்று வட்டி.
தொடக்கூடாது, அசைக்கக்கூடாது,
ஒரு சதம் குறையக்கூடாது,
இருபத்தெட்டு நாள் அது அங்கே
மூச்சுப் பிடித்துக் கிடக்கவேண்டும்.
அப்போதுதான் லண்டன் நம்பும்.

நான் பணக்காரியான முதல் கிழமை
வீட்டில் காஸ் முடிந்தது.
பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்காவிடம்
அம்மா நாலாயிரம் கைமாற்று வாங்கிவந்தா.
நான் கைபேசியில் மீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூச்சியங்கள் வரிசையாய்,
வலையில் கட்டிய மிதப்புக்கட்டைகள் மாதிரி.
கீழே வலை இல்லை.

ஸ்ரான்லி வீதி ஏஜென்சியில் ஏசி குளிர்.
விண்ணப்பம் நிரப்பும் பொடியன் கேட்டான்,
"அப்பா என்ன வேலை?"
"சுழியோடி. கடலட்டை பிடிக்கிறவர்."
தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது.
"வியாபாரம் எண்டு போடுவம் அக்கா.
கடலுணவு ஏற்றுமதி."
பாசையூர்க் கடலில், நடுச்சாமத்தில்,
ரோர்ச் வெளிச்சத்தில் சேற்றைத் தடவித் தடவி எடுப்பதை
இரண்டு சொல்லில் கரையேற்றிவிட்டான்.

பிறப்புச் சான்றிதழில் அவர் அமலதாஸ்.
அடையாள அட்டையில் அமலதாசன்.
ஞானஸ்நானப் பதிவில் வெறும் அமலம்.
மூவரும் ஒருவரே என்று
சட்டத்தரணிக்கு முன்னால் சத்தியக்கடதாசி.
அப்பா கையெழுத்து வைத்தார்,
நாலாவது விதமாய்.

பிறகு இரவு பஸ், கொழும்பு.
சயரோகம் இல்லையென்று காட்ட நெஞ்சுப் படம்.
அந்தப் பெண் சிங்களத்தில் என்னவோ சொன்னாள்,
விளங்காததைக் கண்டு
தன் நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடிக் காட்டினாள்.
பிடித்தேன்.
படம் எடுத்து முடிந்தும் விடவில்லையாம்.
வந்து தோளைத் தட்டினாள்.

நேர்காணலுக்கு ஒரு கேள்வி தந்திருக்கிறார்கள்:
படிப்பு முடிய நீங்கள் ஏன் திரும்பி வருவீர்கள்?
பதிலும் அவர்களே தந்திருக்கிறார்கள்,
தாய்நாடு, வளர்ச்சி, குடும்பம், பதினொரு வரி.
கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன்.
தம்பி றெஜினோல்ட் பாணைக் கடித்துக்கொண்டு,
"பொய் சொல்லேக்கை கண்ணைச் சிமிட்டாதை" என்றான்.
பொய்யா என்று எனக்கே இன்னும் தெரியாது.
இந்த ஊரில் வேறு யாரும்
என்னிடம் அதைக் கேட்டதில்லை.
"எப்ப போறாய்" என்றுதான் கேட்கிறார்கள்.

பத்தொன்பதாம் நாள், காலை ஆறே முக்கால்.
கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
குறுஞ்செய்திச் சேவைக் கட்டணம்
ரூபா இருநூற்றைம்பது.
மீதி,
அறுபத்தொரு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து
எழுநூற்றைம்பது.
அந்தக் கட்டணத்தை வெட்டியதைச் சொல்லத்தான்
அந்தக் குறுஞ்செய்தி.

பொடியனுக்கு எடுத்தேன்.
அவன் கொஞ்சநேரம் பேசவில்லை.
"முதல்ல இருந்து எண்ணவேணும் அக்கா."
பிலேந்திரனுக்கு அம்மா எடுத்தா.
அவர் யோசிக்கவேயில்லை.
"அப்ப இன்னொரு மாத வட்டி."
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.
அப்பா அதை அட்டையாய்க் கணக்குப் பார்த்தார்.
எத்தனை என்று சொல்லவில்லை.
சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்தார்,
ஒருநாளும் செய்யாத வேலை.

அடுத்தநாள் கடலால் வந்தவர்
உடுப்பு மாற்றாமல் வங்கிக்குப் போனார்.
நானும் பின்னால் சைக்கிளில்.
கழுத்தில் உப்புப் பூத்திருந்தது.
காவற்காரன் அவரை ஒருமுறையும்
நிலத்தில் பதிந்த காலடியை ஒருமுறையும் பார்த்தான்.
யன்னலில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.
"இவ்வளவும்தானோ ஐயா?"
"ஓம். இனி வெட்டினாலும் குறையாது."
அந்தப் பெண் கணினியில் மீதியைப் பார்த்தாள்,
அவரைப் பார்த்தாள்,
திரும்பவும் கணினியைப் பார்த்தாள்.
"இருங்கோ சேர்" என்றாள்.
அவர் இருக்கவில்லை. கதிரை நனையும் என்றார்.

சிட்டையை என்னிடம் தந்தார்.
ஒரு மூலை ஈரம்.
வீட்டில் ஃபானுக்குக் கீழே காயவிட்டு
கோப்பில் வைத்தேன், யாரும் கேட்டால் காட்ட.

இன்றைக்கு ஒன்று.